மரமும் வீட்டோடுதான்

“கொல்லைப்புற எலுமிச்சை மரத்தை மட்டும் தோண்டி எடுத்துட்டுப் போகலாமா, லொரெய்ன்?” என்று கேட்டார் மெர்வ்.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் அவர் வீட்டை விற்றாயிற்று. பத்திர வேலையெல்லாம் லொரெய்ன் கையில்.

“முடியாது மெர்வ். கையெழுத்துப் போட்டாச்சு. வேர் விட்டதெல்லாம் வீட்டோடதான்.”

“மண்ணுக்குள்ள இருக்கிறது?”

“ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கக்கூடாது.”

“கெஞ்சிக் கேட்டாலும்?”

“அழுதாலும்.”

மெர்வ் தன் போனை அவளிடம் நீட்டினார்.

“இதை அப்படியே என் பொண்டாட்டிகிட்ட சொல்லும்மா, கொஞ்சம் சத்தமா. புது வீட்டுக்கு அவ அம்மாவும் வரணுமாம்.”

“கூட்டிட்டுப் போங்களேன்!”

“எப்படி? மாமியார் சாம்பலைப் புதைச்சு, அது மேலதானே அந்த மரத்தை நட்டோம். நான் என்ன பண்ண, சட்டம் விடமாட்டேங்குதே!”