தூங்க விடாத அக்கா

"எந்திரிடா சேது! பகல்ல என்ன தூக்கம்? அக்காகூட ரெண்டு வார்த்த பேசு!"

சீதா தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சேதுராமன் பாதிக் கண் திறந்து, "விடுக்கா..." என்று முனகிவிட்டு மறுபடி உறங்கிப்போனான்.

முதுகில் ஒப்பரேஷன் முடிந்து முந்தாநாள்தான் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்திருந்தான். அவனைப் பார்க்கத்தான் சீதா நேற்று கலஹாவிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி நிரஞ்சனி எட்டிப் பார்த்தாள். "மதினி, ரெண்டு நாளா வலியில பொட்டுத் தூக்கமில்ல அவருக்கு. இப்பதான் அசந்திருக்காரு. விடுங்களேன்."

"நான் என்ன செஞ்சேன்? சும்மா பேச்சுக் குடுத்தேன்."

நிரஞ்சனி போனதும் சீதா கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள். தம்பியின் நெஞ்சையே பார்த்தாள். ஏறியது. இறங்கியது. அடுத்த மூச்சு எங்கே? வந்தது.

நேற்றே நிரஞ்சனி சொல்லத்தான் சொன்னாள். "வலிக்குக் கடுமையான குளிசை குடுத்திருக்காங்க மதினி. அதோட தூக்கக் குளிசை சேரவே கூடாதாம். மூச்சு மெதுவாகி, தூக்கத்துலயே நின்னுடுமாம்."

டொக்டர்மார் எதற்கும் இப்படித்தான் பயங்காட்டுவார்கள் என்று சீதா நினைத்துக்கொண்டாள். அவளே பல வருஷமாக கிளினிக்கில் தூக்கக் குளிசை வாங்கிப் போடுகிறவள். அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடக் கண்மூட முடியாது என்று ஊரெல்லாம் சொல்பவள். அவளுக்கு என்ன ஆகிவிட்டது?

இன்று சாப்பிட்டதும், "தூங்கணும்க்கா, ஏதாவது குடு" என்று தம்பி அழாக்குறையாகக் கேட்டான். மனசு கேட்கவில்லை. கைப்பையிலிருந்த கிளினிக் கடதாசி உறையைத் திறந்து, ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"டேய் சேது!" கையைக் கிள்ளினாள். இந்தத் தடவை முனகல்கூட இல்லை.

"நிரஞ்சனி! ஓடி வா! அம்பியூலன்ஸுக்கு கோல் பண்ணு! பாவி நான், என்னோட தூக்கக் குளிசையக் குடுத்துட்டேன்!"

நிரஞ்சனி ஈரக் கையோடு ஓடி வந்து கணவனின் கன்னத்தில் பலமாகத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் மனுசனத் தூங்க விட மாட்டீங்களா?" சேதுராமன் கண்ணைத் திறந்து சீறினான்.

நிரஞ்சனிக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. "எதுல இருந்து எடுத்தீங்க மதினி?"

"என் பையில, அந்த கிளினிக் உறையில..."

நிரஞ்சனி அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி கேட்டா நீங்க குடுத்துருவீங்கன்னு தெரியும் மதினி. அதான் நேத்தே உங்க குளிசைய அலுமாரியில வெச்சுப் பூட்டிட்டு, அந்த உறையில அதே மாதிரி இருந்த விட்டமின் குளிசையப் போட்டு வெச்சேன். ராத்திரி வீடே அதிர நீங்க குறட்டை விட்டதுகூட அந்த விட்டமினப் போட்டுட்டுத்தான்!"