இரண்டு சுவர்கள்

ஒரு சுவரை இடித்துத் தள்ள அவளுக்கு ஒற்றை விரல் போதுமானதாக இருந்தது. தட்டினாள், சுவர் போய்விட்டது. யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இடிந்தது கல்லும் சிமெண்டும் அல்ல, கணினித் திரையில் இருந்த ஒரு சிவப்புக் கோடு. மழை கொட்டினால் நகரத்தின் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் அலுவலகம் அது. வீடுகளையும் சுவர்களையும் வரைபடத்தில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை.

அப்படி வரைந்த நகரத்தின் மேல் கணினி முக்கோணம் முக்கோணமாக வலை பின்ன வேண்டும். வலை விழுந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிட முடியும். மூன்று நாளாக அது முரண்டு பிடித்தது. ஊர் முழுக்கச் சமர்த்தாகப் பின்னிவிட்டு, ஒரு முட்டுச்சந்துக்கு வந்ததும் கடுகளவு முக்கோணங்களாக ஆயிரக்கணக்கில் போட்டு, மூச்சு முட்டி நின்றுவிடும்.

இன்று காலையில்தான் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டு; நடுவில் கால்வாய்க்குப் போகும் பாதை. பாதை இருக்க வேண்டிய இடத்தில், அதன் நீளத்துக்கு, ஒரு சாண் இடைவெளியில், இரண்டு சுவர்க் கோடுகள்; அந்த இடுக்கில்தான் வலை சிக்கிக்கொண்டிருந்தது. ஒரே சுவரைத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை வரைந்து தொலைத்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மேலிருந்து எடுத்த படத்தில் அந்த இடத்தை மரம் பாதி மறைத்திருந்தது; கிளைகளுக்கு நடுவே தெரிவது ஒரு சுவரா இரண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேரில் போய்ப் பார்க்க நேரமில்லை. எந்தெந்தத் தெருவுக்குப் பம்பு கொடுப்பது என்று முடிவு செய்யும் கூட்டம் மூன்று மணிக்கு. அதனால்தான் இரண்டில் ஒரு கோட்டை அழித்த அந்த ஒற்றை விரல் வேலை.

வலை பத்து நிமிடத்தில் விழுந்தது. வாசனை பிடித்த மாதிரி டேப் சார் வந்து நின்றார். தலைமைப் பொறியாளர்தான், எப்போதும் சட்டைப் பையில் அளவு டேப்போடு திரிவதால் அலுவலகம் வைத்த பெயர் அது.

"என்னம்மா, வலை விழுந்துச்சா?"

"விழுந்துடுச்சு சார்."

"எப்படி?"

"தானா சரியாயிடுச்சு சார்."

"தானா எதும்மா சரியாகுது?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அவளுக்குக் கூசியது. தெருத்தெருவாக வெயிலில் நடந்து, ஒவ்வொரு சுவரையும் தன் கையால் அளந்து கொடுத்த மனுஷன். அந்த ஒரு முட்டுச்சந்தை மட்டும்தான், "படத்தைப் பார்த்து நீயே வரைஞ்சிடும்மா" என்று விட்டிருந்தார். தன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று அன்றைக்குப் பூரித்துப்போனவள், இன்று அதை நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

கணக்கு முடிந்து வண்ணப்படம் வந்தது. முட்டுச்சந்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீரெல்லாம், கோட்டை அழித்ததும் திறந்துகொண்ட அகலமான பாதை வழியே ஜம்மென்று கால்வாய்க்கு ஓடியிருந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, போன வருஷ மழைக்காலத்துப் புகார்க் கட்டைப் பிரித்தாள். அந்தச் சந்திலிருந்து பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு இருந்தது. நாலு நாள் முழங்கால் தண்ணீர். 'படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி வைத்திருந்தோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இந்தப் படம் கூட்டத்துக்குப் போனால் அந்தச் சந்துக்குப் பம்பு கிடையாது. அந்த அம்மா மறுபடியும் மேசைமேல்தான். எதையோ கெடுத்து வைத்துவிட்டு, தானாகச் சரியாகிவிட்டது என்று வாய் கூசாமல் பொய்யும் சொல்லியாகிவிட்டது.

இரண்டரை மணிக்கு மனுவோடு டேப் சாரின் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். வலை தானா விழலை. அந்த முட்டுச்சந்துல ஒரு கோட்டை அழிச்சேன். இப்ப சந்தே காய்ஞ்சு கெடக்கு. ஆனா நெஜத்துல முழங்கால் தண்ணி நின்னிருக்கு சார்."

அவர் மனுவை வாங்கிப் படித்தார். அந்த மேசை வரியை மட்டும் இன்னொரு முறை படித்தார்.

"கூட்டத்தை நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்றேன். அந்தக் கோட்டைத் திரும்பப் போடும்மா."

"எப்படி சார் போடறது? அது நான் தப்பா வரைஞ்ச கோடு. ஒரே சுவத்தை ரெண்டு தடவை வரைஞ்சிருக்கேன். உலகத்துல யாராவது ஒரு சாண் விட்டு ரெண்டு சுவர் கட்டுவாங்களா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதே. நீ சரியாத்தான் வரைஞ்சிருக்கே."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு எங்க அண்ணன் கட்டினது. இன்னொண்ணு, வீம்புக்கு நான் கட்டினது."