வரப்பில் வைத்த நாற்று முடி

நடவு மிஷின் நட்டுப் போன வரிசையில் அங்கங்கே நாற்று இல்லாமல் சொட்டை விழுந்திருந்தது.

வெளிநாட்டு விருந்தாளியின் கார் மதகடிக்கு வந்துவிட்டதாம். மிஷின் கம்பெனி அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அக்கா, யாராச்சும் எறங்கி நட்டு விடுங்கக்கா. புண்ணியமாப் போவும்.”

வரப்பில் நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நடவு மிஷின் ஓடும் வயலில் கால் வைப்பதில்லை என்று சங்கத்தில் சத்தியம் செய்தவர்கள். செய்ய வைத்தவளே காத்தாயிதான். கூலிப் போராட்டத்தில் புருஷன் ஜெயிலுக்குப் போனபோது சங்கத்துக் கொடி கீழே விழாமல் பிடித்தவள்.

அவள்தான் இப்போது சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

என்ன செய்வாள், பாவம்! மிஷின் ஓட்டுகிறவன் அவள் மகன் வீரையன். ஆப்பிரிக்காவில் நமக்கு வேண்டப்பட்ட தேசம் ஒன்றுக்கு டெல்லி கடன் கொடுக்கிறது. அந்தக் கடனில் அவர்கள் சீனாக்காரன் மிஷினை விட்டுவிட்டு நம் மிஷினை வாங்க வேண்டும். அங்கிருந்து வரும் விருந்தாளிக்குப் பிடித்து ஆர்டர் கிடைத்தால் கம்பெனியில் வீரையனுக்கு நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் இன்றோடு சரி.

பெற்ற வயிறு சத்தியத்தைப் பார்க்குமா?

பக்கத்து வயலில் பறித்துக் கிடந்த நாற்றை அள்ளி வந்து, சொட்டை தெரியாமல் நட்டு முடித்தாள். வரப்பில் நின்ற பெண்களில் அம்சம் என்பவள் காறித் துப்பினாள். காத்தாயி காது கேட்காதவள் போல, மிச்சமிருந்த ஒரு கட்டு நாற்று முடியோடு கரையேறினாள்.

விருந்தாளி வந்தார். வாட்டசாட்டமான ஆள், பளபளவென்று பூட்ஸ். எல்லாம் மிஷின் நட்டதுதான், மனிதக் கை படவில்லை என்று அதிகாரி இங்கிலீஷில் அளந்தார். கூட வந்த கரைவேட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். விருந்தாளி வயலைப் பார்த்துத் தலையாட்டினார். வீரையன் முகம் மலர்ந்துவிட்டது.

அதைப் பார்த்துப் பூரித்து நின்ற காத்தாயி பக்கமாக விருந்தாளி வரப்பில் நடந்து வந்தார்.

நடவு வயலுக்குப் புது ஆள் வந்தால், நட்ட பெண்கள் அவர் காலடியில் நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுத்தால்தான் வழி. தஞ்சாவூர்ச் சீமையில் அது வழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? காத்தாயி குனிந்து, அந்த பூட்ஸுக்கு முன்னால் முடியை வைத்துக் கும்பிட்டாள்.

வைத்த பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது.

விருந்தாளி முடியைப் பார்த்தார். முழங்கை வரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். மறுபடி வயலைப் பார்த்தார்.

பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, முடியோடு சேற்றில் இறங்கி, ஒரு குத்து நட்டார். பழகிய கை. நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

மொழிபெயர்க்க வந்தவன் அதிகாரி பக்கம் திரும்பினான்.

“மிஷினோட இந்த அம்மாவையும் சேத்து அனுப்புவீங்களான்னு கேக்குறார்.”

அதிகாரி சிரித்துப் பார்த்தார். விருந்தாளி சிரிக்கவில்லை.

காத்தாயி மகனைத் தேடினாள். வீரையன் மிஷினிலிருந்து இறங்கி, சாவியை அதிகாரியிடம் நீட்டிக்கொண்டு நின்றான்.