தலைக்கவசத்துக்கு அகில் புகை

ஜப்பானில் சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாய்ந்த காலம் அது. போருக்குப் புறப்படும் காலையில் ததாஹிரோ பிரபுவின் புதுத் தலைக்கவசத்தைத் தூபக்காலின் மேல் கவிழ்த்து, உள்ளே அகில் புகை காட்டினார்கள். கவசத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"வெற்றி விருந்துக்கு இப்போதே வாசனையா, அக்கா?" என்று கேட்டது.

"அட அசடே! பிரபுவின் தலையை வெட்டி எடுத்துப் போகிறவன் முகம் சுளிக்கக் கூடாதில்லையா? அதற்குத்தான்" என்றது தூபக்கால்.

கவசம் அலறியது: "ஐயையோ! இது பிரபுவுக்குத் தெரியுமா?"

அதற்குள் பிரபுவே வந்தார். குனிந்து கவசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் பணியாளிடம் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் அகில் போடப்பா. இன்றைக்கு எதிரே நிற்பது என் அண்ணன். சின்ன வயதிலிருந்தே அவருக்கு நாற்றம் ஆகாது."