முள்ளெடுத்த மீன்

"தம்பிக்கு மட்டும் ஏம்மா ரெண்டு துண்டு மீனு?"

ஏழு வயதில் பிரேமா கேட்டதற்கு, "அவனுக்கு முள்ளெடுக்கத் தெரியாதுளா, பாதி வீணாப் போயிரும்" என்றாள் அம்மா சீனித்தாய். நாற்பது வயதாகியும் அந்தப் பதில் பிரேமாவுக்குச் செரிக்கவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா இறந்ததும் வந்த செட்டில்மென்ட் பணத்தையும், ஏ.டி.எம். கார்டையும் அம்மா தம்பி பாண்டித்துரையிடம்தான் நம்பிக் கொடுத்தாள். அவன் அதைச் சுத்தமாக வழித்தெடுத்து, தன் பெயரில் ஒரு பழைய உப்பு லாரி வாங்கி, அந்தத் தொழிலில் தோற்றான். அழுத அம்மாவைத் திருச்செந்தூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் மனு கொடுக்க வைத்தவள் பிரேமா.

"மாசம் ஆறாயிரம் அம்மா கணக்குல கட்டணும். ஒரு தவணை தவறினாலும் போலீஸ் கேஸ்தான்" என்றார் அதிகாரி. தம்பி தலைகுனிந்து நின்றதைப் பார்க்கப் பிரேமாவுக்கு இனித்தது. அம்மாவோ, "அவன் ஜெயிலுக்குப் போனா நான் இருக்க மாட்டேன்" என்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

அந்த இனிப்பும் நீடிக்கவில்லை. மாதாமாதம் பணம் வரவர, வீட்டில் தம்பி புராணம்தான்.

"எம்புள்ள சொன்ன சொல்லு தவறலியே. நீயும்தான் ஆலை கேண்டீன்ல சம்பளம் வாங்குத. முந்தியெல்லாம் மக்ரூன் முட்டாயி வாங்கியாருவ, இப்ப அதும் இல்ல."

"எடுத்ததத்தான திருப்பிக் கட்டுதான்? அதுக்கு ஆரத்தி எடுக்கணுமாக்கும்."

"ஒனக்குப் பொறாமைளா."

பிரேமாவுக்கு வயிறு எரியத்தான் செய்தது.

அந்த மாதம் சம்பளம் வந்த மாலை, ஆறுமுகநேரியில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். சற்று நேரத்தில் அம்மா போனில் அழைத்தாள்.

"ஏளா, தம்பி இந்த மாசமும் போட்டுட்டான். மெசேஜ் வந்திருக்குன்னு பக்கத்து வீட்டுச் செல்லக்கிளிதான் வாசிச்சுச் சொன்னா. ஞாயித்துக்கிழம அவனச் சாப்பிட வரச் சொல்லுதேன். ரெண்டு துண்டு மீனு கூட வாங்கட்டா?"

பிரேமா நின்றிருந்த, வங்கியின் பணம் போடும் மெஷின் அறையில் வேறு யாருமில்லை. முதல் தவணைக்கே, "எங்கிட்ட பைசா இல்லக்கா" என்று கையை விரித்தவனை அவள் இன்றுவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த மாதமும் தானே அம்மா கணக்கில் ஆறாயிரம் கட்டிய ரசீதைச் சுக்குநூறாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"வாங்கும்மா. முள்ளு நான் எடுத்துக் குடுக்கேன்."