இன்னொருக்கா ஊதுங்க

மது ஒழிப்புச் சபைத் தலைவர் ஞானதிரவியம் சால்வையோடு கூட்டத்தில் பேசக் கிளம்பியவர், வண்டிப்பெரியார் வளைவில் போலீஸ் கைகாட்டியதும் ஜீப்பை நிறுத்தி, மூச்சில் மதுவை அளக்கும் கருவியில் ஊதினார். நூற்றெண்பது காட்டியது. முப்பதைத் தாண்டினாலே வழக்கு, லைசென்ஸும் போகும்.

“சாரே, மூணு வருசமா வெறும் கட்டன்சாயாதான்!” என்றார் தலைவர்.

உண்மைதான். கடைசியாகக் குடித்த அன்றுதான், இதே வளைவில், மஞ்சள் குடையோடு நடந்துபோன இசக்கிமுத்துவை இடித்துக் கொன்றார். ரத்தப் பரிசோதனையை மறுநாளுக்குத் தள்ளிவைக்குமளவு செல்வாக்கு இருந்ததால் வழக்கு நிற்கவில்லை.

கருவி அச்சிட்டுத் தந்த சீட்டில், இசக்கிமுத்து செத்த அந்தத் தேதியே இருந்தது. நேரம் 10.15. வேறு கருவியில் ஊதினார். அதே நூற்றெண்பது, அதே தேதி, 10.16. இசக்கிமுத்து விழுந்தது 10.17.

“மிஷின் கேடாயிருக்கும். இன்னொருக்கா ஊதுங்க அண்ணாச்சி,” என்றார் போலீஸ்காரர்.

அண்ணாச்சி கருவியைக் கையால் தள்ளினார். வளைவைத் திரும்பி மஞ்சள் குடை ஒன்று வந்துகொண்டிருந்தது.