நடுவில் இருந்த கொழுப்பு

தசைகளின் பலத்தைச் சோதிக்கும் அறையில் ஒரு காந்தச் சுருள் இருந்தது. தொடையின் மேல் உட்கார்ந்து "டக்" என்று அது ஒரு குரல் கொடுத்தால் போதும். உள்ளே நரம்பு விழித்துக்கொள்ளும், தசை துள்ளும், கால் தானாக உதைக்கும். ஒல்லியான ஆட்களிடம் இது ஒருநாளும் தவறியதில்லை.

அன்று பருத்த உடம்புக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சுருள் குரல் கொடுத்தது. கால் லேசாக நடுங்கியதோடு சரி.

"இந்தத் தசைக்குத் தெம்பே இல்ல" என்றது சுருள்.

தோலுக்கு அடியில் மெத்தை போலப் படுத்திருந்த கொழுப்பு சொன்னது: "அவசரப்படாதீங்க அண்ணே. நடுவுல நான் தடிமனாப் படுத்திருக்கேன். நீங்க போடுற சத்தம் நரம்பு வரைக்கும் போய்ச் சேரல."

"என் சத்தம் போய்ச் சேரலையா? என்ன கொழுப்பு உனக்கு!"

"என் பேரே அதுதானே அண்ணே."

சுருள் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தியது. அதன் உடம்பு சூடானதுதான் மிச்சம். கால் மறுபடியும் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"சந்தேகமே இல்ல. தசை செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது சுருள்.

சோதனை செய்பவர் அந்த மனிதரிடம், "நீங்களே ஒரு தடவை காலை நீட்டி உதைங்க சார்" என்றார். உதைத்த வேகத்தில் சுருள் தெறித்துப் போய் ஒயரில் தொங்கியது.

தசை உள்ளேயிருந்து கேட்டது: "வெளியில யாரோ விழுந்த மாதிரி இருக்கே, யாரு?"

"முகம் தெரியல" என்றது கொழுப்பு. "பேச்சை வச்சுப் பார்த்தா என் சொந்தக்காரர் மாதிரி இருக்கு."